கண்மாய்க்கும் அலையாத்திக்கும் பணம்: எந்தக் கதவைத் தட்டுவது?

“கண்மாயைத் தூர்வாரணும், வரத்துக்காலைச் சரிபண்ணணும். சங்கம் பதிவு பண்ணியாச்சு. ஐ.நா. மானியத்துக்கு எழுதலாமா, கம்பெனிகிட்ட சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புப் பணம், கேட்கலாமா, இல்லை பி.டி.ஓ. ஆபீஸ்லயே முடிச்சிடலாமா?”

கண்மாய்ப் பாசன ஊர்களின் இளைஞர் சங்கங்களும் கடலோரப் பெண்கள் குழுக்களும் கேட்பது ஏறக்குறைய இதுதான். சிலருக்குக் கண்மாய், சிலருக்கு அலையாத்திக் காடு, சிலருக்கு மீன் உலர்த்த சூரிய உலர்த்தி. மழை தப்பிப் பெய்வதையும் கடல் ஏறி வருவதையும் முதலில் பார்ப்பவர்கள் இவர்கள். என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். பணத்தை எங்கே கேட்பது என்பதில்தான் நிற்கிறார்கள்.

நிற்பதற்குக் காரணம் உண்டு. காலநிலைக்கென்று உலக அளவில் திரளும் பணம் ஊர்மட்டத்துக்கு வந்து சேர்வது அரிது. 2003 முதல் 2016 வரை பன்னாட்டுக் காலநிலை நிதியங்கள் ஒப்புதல் கொடுத்த தொகையில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே உள்ளூர் வேலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது என லண்டனில் இயங்கும் பன்னாட்டுச் சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 2021 ஜனவரியில் ‘உள்ளூர் தலைமையில் தகவமைப்பு’ (காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் வேலையை ஊர்க்காரர்களே நடத்துவது) என்று எட்டுக் கோட்பாடுகள் பன்னாட்டு அளவில் வெளியாயின. முடிவெடுக்கும் உரிமை பாதிக்கப்படுகிற மக்களுக்கு மிக நெருக்கமான இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. பணம் கேட்கப் போகும் எந்த இடத்தையும் நான் இந்தக் கோட்பாட்டை வைத்துத்தான் முதலில் பார்க்கிறேன். தொகையைப் பிறகு பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

யார் முடிவு செய்வார்? மதகைச் சரிசெய்வதா, கரையை உயர்த்துவதா என்பதை ஊர் சொல்லுமா, பணம் தருபவர் சொல்வாரா?

எப்போது கைக்கு வரும்? தென்மாவட்டங்களில் மண்வேலைக்குக் காலம் சித்திரை, வைகாசி, ஆனி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆவணியில் வரும் அனுமதி அடுத்த கோடைக்குத்தான் உதவும்.

என்ன காகிதம் கேட்பார்கள்? 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு, பான், வங்கிக் கணக்கு, தணிக்கை அறிக்கை, வருமான வரியின் 12ஏ (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை). எது எங்கே கட்டாயம்?

எதற்குப் பணம் தரமாட்டார்கள்? இதைக் கேட்காமல் போகிறவர்கள்தான் பாதியில் தவிக்கிறார்கள்.

மூன்றாம் ஆண்டில் என்ன? திறப்பு விழா முடிந்து பலகை வெளுத்த பிறகு வரத்துக்காலில் மண் சேர்ந்தால் அள்ளுவது யார்?

கடைசிக் கேள்விக்கு மற்ற நான்கையும்விடக் கூடுதல் எடை கொடுக்கிறேன். முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அலையாத்தியை மீட்ட முறையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அங்கே சிதைந்துபோன இடங்களில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். பெரிய வாய்க்கால் ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். அலைநீர் ஏறி இறங்க வழி கிடைத்ததும் தேங்கிய உப்பு குறைந்து கன்று பிடித்தது. அந்த வாய்க்கால்களிலேயே வண்டல் படியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ளாவிட்டால் நீர் உள்ளே ஏறாது, மண் மறுபடி உவரேறும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பணம் தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாய்க்கால் மண்ணை அள்ளப் பணம் தருபவர்கள் மிகச் சிலர்.

## வழி 1: உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டம்

‘ஐ.நா. மானியம்’ என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ரியோ மாநாடு நடந்த 1992இல் தொடங்கிய திட்டம், நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நடந்துவருகிறது. ஒரு திட்டத்துக்கு வழக்கமான உச்சவரம்பு நெடுங்காலம் 50,000 டாலராக இருந்தது, அதாவது நாற்பது லட்ச ரூபாய்க்கு மேல். நடைமுறையில் பெரும்பாலான மானியங்கள் இதற்குக் கீழேதான். இந்தியாவில் முன்பு சுற்றுச்சூழல் கல்வி மையமும், ஏழாம் கட்டத்தில் டெரி என்ற எரிசக்தி, வள ஆய்வு நிறுவனமும் இதை நடத்தும் பொறுப்பில் இருந்தன. இலங்கையிலும் இத்திட்டம் நெடுங்காலமாக இருக்கிறது. அங்குள்ள விதிமுறைகள் தனி.

இதன் பெரிய பலம் முடிவெடுக்கும் முறை. ஒவ்வொரு நாட்டிலும் வழிகாட்டுக் குழு ஒன்று உண்டு. அதில் அரசு சாராதவர்களே பெரும்பான்மை. விண்ணப்பிக்கும் சங்கம் தன் சிக்கலைத் தானே வரையறுத்துக்கொள்ளலாம். பயிற்சி, பழைய வழக்கங்களை ஆவணப்படுத்துதல், ஊர்க்கூட்டம் நடத்துதல் போன்ற ‘கண்ணுக்குத் தெரியாத’ வேலைகளுக்கும் பணம் கேட்க முடியும். மற்ற வழிகளில் இது மிக அரிது.

இனி மறைந்திருக்கும் செலவு. முதலாவது நேரம். அழைப்பு எல்லா நாளும் திறந்திருக்காது. கருத்துருக் குறிப்பு, முழுத் திட்டம், குழுவின் ஒப்புதல் என்று மாதக்கணக்கில் போகும். இந்தியாவில் தேர்ந்தெடுத்த சில நிலப்பரப்புகளுக்குள்தான் மானியம் என்ற வரையறையும் வந்திருக்கிறது. உங்கள் மாவட்டம் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுத உட்கார வேண்டாம். இரண்டாவது, இணைநிதி. மானியத்துக்கு ஈடாக ஊரின் பங்கைக் காட்ட வேண்டும். உழைப்பையும் பொருளையும் பணமாக மதிப்பிட்டுக் காட்டலாம். ஆனால் அதற்கு வருகைப் பதிவேடு, டிராக்டர் நடைக் கணக்கு எல்லாம் ஒழுங்காக வேண்டும். மூன்றாவது எழுத்துவேலை. ‘உயிர்ப்பன்மை’, ‘கரிமச் சேமிப்பு’ என்று நிதியத்தின் மொழியில் பேசத் தெரிந்தவரிடம் போய் எழுதி வாங்குவார்கள். அப்படி எழுதியவரே மெல்ல மெல்லத் திட்டத்தின் தலைவராகிவிடும் அபாயம் உண்டு. எழுதுபவர் யாராக இருந்தாலும், ஊர்க்கூட்டத்தில் தமிழில் முழுதாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. ஐ.நா. அமைப்புகளை அச்சட்டம் ‘வெளிநாட்டு மூலம்’ என்று கணக்கில் எடுப்பதில்லை. மற்ற வெளிநாட்டு அறக்கட்டளைகளின் பணம் அப்படியல்ல. அதற்கு உள்துறை அமைச்சகப் பதிவு வேண்டும். சங்கம் மூன்று ஆண்டு இயங்கி, அந்த மூன்று ஆண்டில் முதன்மைப் பணிகளுக்குப் பதினைந்து லட்ச ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். முன்பெல்லாம் பதிவு பெற்ற பெரிய தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி ஊர்ச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 திருத்தம் அந்த வழியை முழுதாக மூடிவிட்டது. பதிவு பெற்ற நிறுவனம் இன்னொரு பதிவு பெற்ற நிறுவனத்துக்குக்கூட அந்தப் பணத்தை மாற்ற முடியாது. உள்ளூர்த் தலைமை என்று உலகம் பேசத் தொடங்கிய அதே நேரத்தில் இங்கே சிறு சங்கங்களுக்கு இருந்த ஒரு கதவு அடைபட்டது. இதை நான் பெரிய இழப்பாகவே பார்க்கிறேன்.

## வழி 2: நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். நிதி

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் ஊரக வளர்ச்சியும் ஏற்ற பணிகளின் பட்டியலில் உண்டு. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது நியாயமாகக் கேட்கக்கூடிய பணம்.

பலம், வேகம். நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்ட வேண்டிய நெருக்கடி நிறுவனத்துக்கு இருப்பதால், தை, மாசியில் தயாரான எஸ்டிமேட்டோடு போகும் சங்கத்துக்கு விரைவாகவே பதில் வரும். கோடை மண்வேலைக்கு அது பொருந்தியும் வரும்.

காகிதத்தில்தான் சிறு சங்கங்கள் தடுக்கி விழுகின்றன. நிறுவனத்திடம் நேரடியாகப் பணம் வாங்கி வேலை செய்ய 12ஏ, 80ஜி வேண்டும், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்-1 படிவப் பதிவெண் வேண்டும், அதே வகை வேலையில் மூன்று ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். நேற்றுப் பதிவான இளைஞர் மன்றத்துக்கு இது எட்டாது. ஏற்கெனவே பதிவுள்ள தொண்டு நிறுவனத்தின் துணையோடுதான் போக முடியும். அப்படிப் போனால் மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கட்டும். அதில் ஊர்ச் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலையை மாற்றக் கூடாது என்ற வரி அவசியம்.

மறைசெலவு, எண்ணிக்கை மோகம். பத்தாயிரம் கன்று, மூன்று கிலோமீட்டர் கரை என்று எண்ணக்கூடியது எளிதில் ஒப்புதல் பெறும். இரண்டாம் ஆண்டுக் களையெடுப்பு, ஆடு மேயாமல் காவல், வாய்க்கால் பராமரிப்பு ஆகியவை பட்டியலின் கடைசியில் நின்று வெட்டுப்படும். இதற்கு ஒரு வழி உண்டு. மூன்று ஆண்டு வரை நீளும் ‘தொடர் திட்டம்’ என்று சட்டமே ஒரு வகையை ஏற்கிறது. அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்துச் செலவழிக்கலாம். முதல் சந்திப்பிலேயே உங்கள் திட்டத்தை அந்த வகையில் சேர்க்கக் கேளுங்கள். ஒப்புதல் வந்த பிறகு கேட்டால் நடக்காது.

## வழி 3: நமக்கு நாமே

தமிழ்நாடு அரசின் இந்தத் திட்டம் 1990களின் பிற்பகுதியில் வந்து, பிறகு வேறு பெயரில் தொடர்ந்து, 2021இல் பழைய பெயரிலேயே மீண்டது. அடிப்படை எளிது: மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பங்கின் அளவு வேலைக்கும் குடியிருப்புக்கும் ஏற்ப மாறும். ஊரகத்தில் ஒன்றிய அலுவலகத்தில், அதாவது பி.டி.ஓ. ஆபீஸில், விண்ணப்பம், மாவட்ட ஆட்சியரின் நிர்வாக அனுமதி.

நானூறு பக்க விண்ணப்பம் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், 12ஏ வேண்டாம். இதுதான் இதன் அழகு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்மாய்க்கு ஒன்பது லட்ச ரூபாய் மதிப்பீடு என்றால் ஊர்ப்பங்கு மூன்று லட்சம். நூற்றிருபது தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்) உள்ள ஊரில் தலைக்கட்டுக்கு 2,500 ரூபாய். கோயில் கொடைக்கு வரி பிரிக்கத் தெரிந்த ஊருக்கு இது புதிய வேலையில்லை. அதே வரி நோட்டு, அதே கணக்கப்பிள்ளை, கண்மாய்க்கென்று தனித் தலைப்பு. நிலமில்லாத வீடுகளுக்கும் அதே வரியா என்ற கேள்வி வரும், வரவும் வேண்டும். ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் நிலம்) உள்ளவர்களுக்கு ஏக்கர் கணக்கில் கூடுதலாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் வைப்பதே நியாயம் என்பது என் கருத்து. மீன் குத்தகைப் பணம் இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

குறை, கைப்பிடி ஊரிடம் இல்லாமல் போவது. எஸ்டிமேட் போடுபவர் ஒன்றியப் பொறியாளர், வேலை எடுப்பவர் பெரும்பாலும் ஒப்பந்ததாரர். ஊர் சொன்ன வரத்துக்கால் விடுபட்டு, கேட்காத சிமெண்ட் தடுப்புச் சுவர் உள்ளே வந்துவிடும். பாதியோ அதற்கு மேலோ மக்களே கட்டும்போது வேலையையும் தாங்களே எடுத்துச் செய்யக் கேட்கலாம். முடிந்த ஊர்கள் அந்த அளவுக்கு முயல்வது நல்லது. முடியாவிட்டால், அளவெடுக்க ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) வரும் நாளில், மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிட்டுப் பழகிய ஊர்ப்பணியாளரான நீர்க்கட்டியைக் கூடவே நடக்க வையுங்கள். கலிங்கு எந்த மட்டத்தில் வழியும், எந்த மடையில் சேறு அடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்திலும் இருக்காது. எம்-புக்கில் (வேலையின் அளவுப் புத்தகத்தில்) ஏறிய பிறகு எதையும் மாற்றுவது கடினம்.

இன்னொன்று, கண்மாய் யாருடையது என்று முதலில் பாருங்கள். ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ஒரு கோடையையே தின்றுவிடும். உள்ளே நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி விற்று ஊர்ப்பங்கைக் கட்டலாம் என்றும் எண்ண வேண்டாம். அது அரசுச் சொத்து, ஏலத்தில்தான் போகும். வண்டல் விஷயத்தில் வழி எளிதாகியிருக்கிறது. 2024 முதல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அளவிலேயே அனுமதி பெற்று நீர்நிலை வண்டலையும் களிமண்ணையும் கட்டணமின்றி எடுக்கலாம். வயலுக்கு மண் வேண்டியவர்களை ஒரே மாதத்தில் இறக்கினால் தூர்வாரும் செலவில் பெரும்பகுதி குறையும்.

## வழி 4: ஊர்ப்பணமும் வெளியூர்ச் சொந்தங்களும்

2018 கஜா புயலுக்குப் பிறகு, 2019இல் பேராவூரணியில் கடைமடைப் பகுதி விவசாயிகள் திரண்டு, ‘கைஃபா’ என்ற அமைப்பின் பெயரில் மக்களிடம் பணம் திரட்டிப் பெரியகுளத்தை மீட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் கைகொடுத்தார்கள். அங்கே தொடங்கியது பல மாவட்டங்களுக்குப் பரவியது. யாரும் நிபந்தனை வைக்காத பணம், ஊரே முடிவெடுக்கும் வேலை, அடுத்த வாரமே மண்ணில் இறங்கும் பொக்லைன். முடிவுரிமையிலும் வேகத்திலும் இதற்கு இணையான வழி வேறில்லை.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் ஆகும், கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும். முன்பு சொன்ன உள்துறை அமைச்சகப் பதிவில்லாத சங்கத்தின் கணக்கில் அந்தப் பணம் விழுந்தால் சங்கத்துக்குத்தான் சிக்கல். ‘நம்ம மாமா பையன்தானே’ என்று வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த செலவு, களைப்பு. புயலுக்குப் பின் கொடுக்கும் கை சாதாரண ஆண்டில் கொடுப்பதில்லை. கணக்கை வாரந்தோறும் படத்தோடு போட வேண்டும். ஒரு ரசீது தவறினாலும் பேச்சு வரும். இணையத் திரட்டுத் தளங்கள் வழியாகப் போனால் அவற்றின் கட்டணத்தையும் பணப்பரிமாற்றக் கழிவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

## வழி 5: குழுக்கடன்

வருமானம் தரும் வேலைக்கு மானியமே வேண்டும் என்றில்லை. சூரிய உலர்த்தி, நாற்றங்கால், பாசி வளர்ப்பு போன்றவற்றுக்கு மகளிர் குழுவின் வங்கிக்கடன் பல நேரம் மேல். யாருக்கும் அறிக்கை எழுத வேண்டாம், எந்திரம் குழுவின் சொத்து. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கடலோர ஊர்களின் சூழல் மேம்பாட்டுக் குழுக்களுக்குத் தந்த தொகை சுழல்நிதியாக உறுப்பினர்களுக்குள்ளேயே கடனாகச் சுற்றியது. ஒரு முறை வந்த பணத்தைப் பல முறை பயன்படுத்திய அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. மீன்பாடு குறைந்த மாதத்தில் தவணை கட்ட முடியாமல் போவது இதன் அபாயம். கண்மாய், அலையாத்தி போன்ற பொதுச் சொத்துக்கு இந்த வழி கூடவே கூடாது.

## ஒரே பார்வையில்

| | சிறுமானியம் | சி.எஸ்.ஆர். | நமக்கு நாமே | ஊர்ப்பணம் | குழுக்கடன் |
|---|---|---|---|---|---|
| முடிவெடுப்பவர் | சங்கமும் வழிகாட்டுக் குழுவும் | பெரிதும் நிறுவனம் | பெரிதும் அலுவலகம் | ஊர் | மகளிர் குழு |
| வேகம் | மெதுவு | தை–பங்குனியில் வேகம் | நடுத்தரம் | மிக வேகம் | வேகம் |
| காகிதச் சுமை | அதிகம் | மிக அதிகம் | குறைவு | குறைவு, கணக்கு கட்டாயம் | நடுத்தரம் |
| எளிதில் கிடைக்காதது | அவசர வேலைக்கான பணம் | பராமரிப்பு | ஊர்க்கூட்டம், பயிற்சி | தொடர்ந்து வரும் பணம் | பொதுச் சொத்து வேலை |
| மூன்றாம் ஆண்டு | திட்டத்தில் எழுதினால் உண்டு | ‘தொடர் திட்டம்’ என்றால் உண்டு | ஊரே பார்க்க வேண்டும் | ஊர் பார்க்கும் | குழு பார்க்கும் |

## யாருக்கு எது

ஒன்றியத்துக்குச் சொந்தமான சிறு கண்மாய், ஒற்றுமையான ஊர், ஒரு கோடையில் முடியும் மண்வேலை: நமக்கு நாமே. ஊர்ப்பங்கைத் திரட்ட வெளியூர்ச் சொந்தங்களைக் கேளுங்கள். நிறுவனமும் அந்தப் பங்கைக் கட்டலாம்தான். ஆனால் முழுதாக நிறுவனமே கட்டிவிட்டால் கரையில் உடைப்பு வரும் நாளில் ‘கம்பெனி வேலைதானே’ என்று ஊர் ஒதுங்கிக்கொள்ளும். வீட்டுக்கு நூறு ரூபாயாவது இருக்கட்டும்.

ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது என்றால் இந்த வழி வேண்டாம். வரி பிரிப்பதிலேயே சண்டை முற்றும். அங்கே முதலில் வேண்டியது ஒரு சிறு வேலை, உதாரணமாக ஒரே ஒரு மடையைச் சரிசெய்வது, ஊர்ப்பணத்தில்.

அலையாத்தி, கடற்புல், குறுங்காடு போலப் பல ஆண்டு காத்துக் கவனிக்க வேண்டிய வேலைக்கு, உங்கள் பகுதி எல்லைக்குள் இருந்தால், சிறுமானியமே முதல் தேர்வு. வனத்துறை நிலம் என்றால் அவர்களின் எழுத்துவழி ஒப்புதலை விண்ணப்பத்துக்கு முன்பே வாங்குங்கள். சிறுமானியம் கிடைக்கவில்லை என்றால் சி.எஸ்.ஆர்., அதுவும் ‘தொடர் திட்டம்’ என்ற ஒப்புதலோடு மட்டும். ஓராண்டுப் பணத்தில் கன்று மட்டும் நடச் சொன்னால் மறுத்துவிடுவதே நல்லது. பட்டுப்போன கன்றுகளைப் பார்த்த பெண்கள் அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார்கள். பணத்தைவிட அந்த நம்பிக்கையை மீட்பது கடினம்.

வருமானம் தரும் தொழில்வேலைக்குக் குழுக்கடன், முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டும்படி வங்கியிடம் பேசிப் பார்த்துவிட்டு.

இன்னும் பதிவே செய்யாத குழு என்றால் இந்த ஆண்டு எந்தப் பெரிய பணத்துக்கும் அலைய வேண்டாம். சங்கத்தைப் பதிவு செய்து, பான் வாங்கி, இரண்டு பேர் கூட்டாகக் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு தொடங்கி, ஊர்ப்பணத்தில் ஒரு சிறு வேலையை முடித்து, அதன் வரவுசெலவைத் தணிக்கை செய்து வையுங்கள். சி.எஸ்.ஆர். கேட்கும் மூன்று ஆண்டு அனுபவம் அந்த முதல் தணிக்கை அறிக்கையில் தொடங்குகிறது. வேலைக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம், கூட்டத் தீர்மான நோட்டு, ரசீதுக் கட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதிவாரியாகச் சேருங்கள், ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.